உரிமம் அங்கே, தெரு இங்கே

பெங்களூரில் மதுக்கடைப் பலகைகளை உற்றுப் பார்த்தால், கடைப் பெயரை ஒட்டிச் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு கண்ணில் படும்: சி.எல்.2, சி.எல்.7, சி.எல்.9. நகரின் லிங்கராஜபுரம் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே பலருக்கு வந்திருக்காது. ஆனால் கடை இருக்கும் தெரு இரவு எத்தனை மணிக்கு அடங்கும், வாசலில் எத்தனை வண்டி நிற்கும், பள்ளிப் பிள்ளைகள் காலையில் எதைத் தாண்டி நடப்பார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த எண்தான்.

சி.எல்.2 என்பது சில்லறை விற்பனை. பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். கடையில் நின்று குடிக்கக் கூடாது. சி.எல்.9 என்பது பார். அங்கே உட்கார்ந்து, உணவோடு குடிக்கலாம். பார்சல் வாங்கக் கூடாது. சி.எல்.7 என்பது தங்கும் அறைகளோடு கூடிய ஹோட்டலுக்கானது. கிளப்புக்கு சி.எல்.4, நட்சத்திர ஹோட்டலுக்கு சி.எல்.6ஏ. எல்லாம் 1968இல் வந்த கர்நாடகக் கலால் விதிகளின் படிவங்கள். அவற்றுக்கு மேலே 1965ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டம் இருக்கிறது. பக்கத்திலேயே, எந்த உரிமம் வாங்கினாலும் கட்டுப்பட வேண்டிய 1967ஆம் ஆண்டின் பொது நிபந்தனை விதிகள்.

தாளில் இவ்வளவு தெளிவு. தெருவுக்கு வந்தால் கதை வேறு. 'எம்.ஆர்.பி. கடை' என்று ஊர் சொல்லும் சில்லறைக் கடைகளில் கவுண்டரை ஒட்டி ஒரு பலகை, பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்ப் பொட்டலம், நின்றபடியே முடித்துவிட்டுப் போகும் கூட்டம். பார்களில் கேட்டால் பார்சல் வரும். அறைகள் உள்ள ஹோட்டல் என்று உரிமம் வாங்கிய இடங்கள் சிலவற்றில் அறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பார் மட்டும் பளிச்சென்று தெரியும். இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. கடைக்காரருக்குத் தெரியும், குடிப்பவருக்குத் தெரியும், ரோந்து வரும் போலீஸ்காரருக்கும் தெரியும். உரிமத்தின் நிபந்தனைகள் மீறப்படுகின்றன என்பதைவிட, அவற்றைப் படிப்பவரே இல்லை என்பதுதான் சரி.

உணவகங்களின் மது உரிம நிபந்தனைகளைக் கண்காணிப்பதில் உள்ளாட்சிக்கு என்ன பங்கு இருக்கிறது, என்ன பங்கு இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பழைய பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. கர்நாடகம் குடிக்கும் மாநிலம், அது வெளிப்படை. முதல்வராகச் சித்தராமையா தாக்கல் செய்த 2025-26 நிதிநிலை அறிக்கையில் கலால் துறைக்கு வைத்த இலக்கு 40,000 கோடி ரூபாய். இவ்வளவு பணத்தை ஒரு துறையிடம் கேட்டுவிட்டு, அதே துறையிடம் 'கடைக்காரர் ஒழுங்காக நடக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்' என்று சொல்கிறோம். வசூல் செய்பவரே கண்டிப்பவராகவும் இருக்க வேண்டும் என்றால் எது முன்னால் வரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

லிங்கராஜபுரம் போன்ற இடத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலம், ஒரு பக்கம் குக் டவுன், மறுபக்கம் கம்மனஹள்ளி, கச்சரகனஹள்ளி, காடுகொண்டனஹள்ளி. குக் டவுனில் கன்டோன்மென்ட் காலத்து மரங்களும் அகன்ற தெருக்களும்; கம்மனஹள்ளியில் நகரமே சாப்பிட வரும் உணவகச் சாலை; நடுவே, தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் ஒரே வீட்டு வாசலில் கேட்கும் நெருக்கமான சந்துகள். கோயில், சர்ச், மசூதி, கான்வென்ட் பள்ளி என்று நாலடிக்கு ஒன்று. 2007 ஜூலையில் கர்நாடகம் சாராயத்துக்குத் தடை போட்டபோது, இங்கிருந்த உழைக்கும் குடும்பங்கள் அடுத்த நாளே குடியை விட்டுவிடவில்லை. சாராயக் கடைக்குப் போன கால்கள் ஒயின் ஷாப்புக்குத் திரும்பின. கம்மனஹள்ளிப் பக்கத்து உணவகச் செழிப்பும் இந்தப் பழைய தாகமும் ஒரே சாலையில் சந்திக்கின்றன.

1967 விதிகளின் 5ஆவது விதி இடம் பற்றிப் பேசுகிறது. வழிபாட்டிடம், கல்வி நிலையம், மருத்துவமனை, அரசு அல்லது உள்ளாட்சி அலுவலகம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் கடை வரக் கூடாது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் குடியிருப்பிலும் கூடாது. அங்கே யார் வாழ்கிறார்கள் என்று விதி எட்டிப்பார்ப்பது இந்த ஒரு வரியில் மட்டும்தான். மற்றதெல்லாம் மீட்டர் கணக்கு. தூரத்தையும் காகம் பறக்கும் நேர்கோட்டில் அளப்பதில்லை. ஆள் நடந்து போகும் வழியாக, வாசலிலிருந்து வாசலுக்கு அளப்பார்கள். பள்ளியின் கேட்டைச் சுற்றி வைத்துவிட்டால் தூரம் கூடிவிடும். சந்துகள் வளைந்து நெளியும் பகுதியில் அளவு நாடாவுக்கு எத்தனை வழி வேண்டுமானாலும் கிடைக்கும். இங்கே ஒரு முறை அளந்து முடித்தால் அதோடு சரி. கடை திறந்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று நாடா சொல்லாது.

கடை திறந்த பிறகு யாரிடம் போவது? இரவு 12 மணிக்கு மொட்டை மாடியில் பாட்டு அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 112ஐ அழைத்தால் போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டி வரும். 'சவுண்டைக் குறை' என்று சொல்லிவிட்டுப் போகும். மாநகராட்சியின் 1533க்குப் பேசினால், எங்களுடையது தொழில் உரிமம் மட்டும், மது விஷயம் கலால் துறை என்பார்கள். கலால் துறை, ஒலி எங்கள் வேலையல்ல, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்னும். வாரியத்துக்கு இரவில் ஆளில்லை. வாசலை மறித்து நிற்கும் வண்டிகளுக்குப் போக்குவரத்துப் போலீஸ். சாக்கடையில் கொட்டும் எண்ணெய்க் கசடுக்குக் குடிநீர் வடிகால் வாரியம். ஆறு அலுவலகங்களுக்கும் ஆறு அதிகாரம். புகார் கொடுப்பவருக்கோ ஒரே ஒரு தூக்கம்.

நேரத்தை எடுத்துக்கொண்டால் குழப்பம் இன்னும் தெரியும். 2024இல் வந்த அரசாணைப்படி பெங்களூரு மாநகர எல்லைக்குள் பார்கள் நள்ளிரவு 1 மணி வரை திறந்திருக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். இரண்டும் சட்டம்தான். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட அந்த மூன்று மணி நேரத்தில் எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில், எந்த மாதிரிக் கதவோடு என்ன செய்யலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எம்.ஜி. ரோட்டுக்கும் லிங்கராஜபுரத்துக் குறுக்குத் தெருவுக்கும் ஒரே நேரம். வயதும் இப்படித்தான். கலால் சட்டத்தில் 18 வயது. அதே சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட 1967 விதிகளில் 21. 2023 ஜனவரியில் அரசு இதை 18 ஆக்க வரைவு வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. வாசலில் நிற்கும் காவலாளி எந்த வயதைக் கேட்க வேண்டும் என்பதை இன்னும் அவர் மனசாட்சிக்கே விட்டிருக்கிறோம்.

காலண்டர்கூடப் பொருந்தாது. மாநகராட்சியின் தொழில் உரிமம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. கலால் உரிமம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஒரு துறை புதுப்பிக்கும்போது மற்றத் துறையின் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டும் ஒரே மேசையில் இருக்க வேண்டாமா? மார்ச்சில் சுகாதார ஆய்வாளர் கண்ட குறை, ஜூனில் கலால் ஆய்வாளருக்குத் தெரிய வழியில்லை.

புதுப்பிப்பு என்ற சொல் ஏமாற்றக் கூடியது. கட்டணம் கட்டினால் புதுப்பிப்பு, அவ்வளவுதான் நடைமுறை. காரணம் பொருளாதாரத்தில் இருக்கிறது. 1992க்குப் பிறகு கர்நாடகம் புதிய சி.எல்.2, சி.எல்.9 உரிமங்களைப் பொதுவாக வழங்கவில்லை. குறைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்ததாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு மென்பொருள் வந்தது, நகரம் பல மடங்கு பெருத்தது, தாகமும் கூடியது. உரிமத்தின் எண்ணிக்கை மட்டும் நின்றுவிட்டது. விளைவு: பழைய உரிமம் என்பது நிபந்தனைகள் எழுதிய தாள் என்ற நிலை போய், வாங்கி விற்கும் சொத்தாகிவிட்டது. கோடிக்கணக்கில் கைமாறுகிறது, ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு இடம் பெயர்கிறது. புதிதாகப் பார் நடத்த விரும்பியவர்கள் சி.எல்.7 பக்கம் திரும்பினார்கள். அறை கட்டினால் உரிமம் கிடைக்கும் என்பதால் நகரமெங்கும் திடீரென்று அத்தனை 'லாட்ஜ்'. 2025இல் அரசு, தேங்கிக் கிடக்கும் உரிமங்களை மின்னேலத்தில் விடுவதாக அறிவித்தது. ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து எடுத்தவரிடம், 'தெருவில் சத்தம் வருகிறது, இரண்டு வாரம் மூடு' என்று எந்த அதிகாரி சொல்லப் போகிறார்?

சொல்லவே மாட்டார்கள் என்றும் இல்லை. சட்டத்தின் 29ஆவது பிரிவு உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் இடம் தருகிறது. 2024 ஜனவரியில் ராஜாஜிநகரில் திரைக்கலைஞர்கள் சிலர் விடிய விடிய விருந்து நடத்திய மதுக்கூடத்தின் உரிமம் 25 நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. செய்தித் தொலைக்காட்சிகள் கூடிவிட்டால் பிரிவு 29 உயிர் பெறும். நட்சத்திரம் யாரும் வராத சாதாரணச் சனிக்கிழமைக்கு அந்தப் பிரிவு கிடையாது.

2016இல் உச்ச நீதிமன்றம் இந்தத் துறைக்குள் ஒரு கோடு கிழித்தது. பாமகவைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தமிழ்நாட்டிலிருந்து தொடுத்த வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு அது: நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது. கர்நாடகத்தில் உரிம ஆண்டு ஜூனில் முடிவதால், அடி 2017 ஜூலை 1 அன்று விழுந்தது. எம்.ஜி. ரோட்டிலும் பிரிகேட் ரோட்டிலும் இந்திராநகர் 100 அடிச் சாலையிலும் பப்கள் இழுத்து மூடப்பட்டன. நகரச் சாலைகளை நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்க மாநில அரசு ஓடியது. ஜூலை 11 அன்று சண்டிகர் வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கியது. சில மாதங்களில் விளக்குகள் மறுபடி எரிந்தன. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்க வந்த தீர்ப்பு. அது வந்த வழியில், ஒழுங்காக நடந்த கடையும் ஒழுங்கில்லாத கடையும் ஒன்றாக மூடின, ஒன்றாகத் திறந்தன. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லும் பதிவேடு அரசிடம் இல்லாததால்தான் நாடாவைத் தவிர வேறு கருவி கைக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டு இன்னொரு பக்கத்திலிருந்து முயற்சி நடந்தது. உணவகங்களில் நேரடி இசை நடத்தப் போலீஸ் கமிஷனரிடம் தனி உரிமம் வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் செல்லும் என்றது. போலீஸ் நோட்டீஸ் அனுப்பத் தொடங்கியதும் பெங்களூரில் பாட்டு நின்றது. விண்ணப்பிக்கப் போனவர்களுக்குத் தடையாக நின்றது இசையல்ல, கட்டடம். ஓ.சி. எனப்படும் குடியேற்றச் சான்று பல கட்டடங்களுக்குக் கிடையாது. வீடாக எழும்பிய கட்டடம், கீழே கடையாகி, மேலே உணவகமாகி, மொட்டை மாடியில் கூரை போட்டுப் பாராகி நிற்கிறது. ஓ.சி. கொடுக்க வேண்டியதும் மாநகராட்சி, ஓ.சி. இல்லாத அந்தக் கட்டடத்துக்கு ஆண்டுதோறும் தொழில் உரிமம் கொடுத்து வந்ததும் அதே மாநகராட்சி. உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுங்கள் என்று கேட்கும் என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

தீ இந்த வெட்கத்தைப் பலமுறை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறது. 2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் 14 பேர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 18 அன்று கோரமங்களாவில் ஒரு கட்டடத்தின் உச்சி மாடிக் கஃபேயில் சிலிண்டர்கள் வெடித்தன. உயிர் பிழைக்க ஒருவர் மாடியிலிருந்து குதிக்கும் காட்சியை நாடே பார்த்தது. அதற்குப் பிறகுதான் பெங்களூரு மாநகராட்சி மொட்டை மாடிப் பார்களை எண்ணக் கிளம்பியது. 2025 டிசம்பர் 6 இரவு கோவாவின் ஆர்போராவில் ஓர் இரவு விடுதியில் 25 பேர் இறந்தார்கள். அங்கே நடந்ததை உள்ளாட்சி பற்றிப் பேசும் யாரும் கவனிக்க வேண்டும். கிராமப் பஞ்சாயத்து அந்தக் கட்டடத்தை இடிக்க நோட்டீஸ் கொடுத்திருந்தது. மேல்முறையீட்டில் பஞ்சாயத்துகள் இயக்குநரகம் அதை நிறுத்திவைத்தது. கட்டடம் நின்றது, வியாபாரம் நடந்தது. தீக்குப் பிறகு, அந்த இயக்குநரகத்தின் அப்போதைய இயக்குநரும் பஞ்சாயத்துச் செயலரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கீழே இருந்தவர் பார்த்தார், மேலே இருந்தவர் தடுத்தார் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. அந்த விடுதிக்கு முன்பு தொழில் உரிமம் தந்ததும் அதே பஞ்சாயத்துதான். ஆனாலும் ஒன்று உறுதி. இடத்தைக் கண்ணால் பார்த்து எழுதப்பட்ட ஒரே தாள் பஞ்சாயத்தின் தாள். அதை ஒரு மேலதிகாரத்தால் மடித்து வைக்க முடிந்தது.

அரசியல் சட்டம் இதில் என்ன சொல்கிறது? மது மாநிலப் பட்டியலில் 8ஆவது இனம். அதன் மீதான வரி 51ஆவது இனம். 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென்று சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொறுப்புகள் இருக்கின்றன. மது அதில் இல்லை. இன்னொரு சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1996இல் பழங்குடிப் பகுதிகளுக்காக நாடாளுமன்றம் இயற்றிய பெசா சட்டம், மதுவைத் தடுக்கவோ அதன் விற்பனையை ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கும் பஞ்சாயத்துக்கும் அதிகாரம் தருகிறது. பஸ்தரில் ஒரு மலைக்கிராமத்துக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட விவேகத்தை, லட்சக்கணக்கில் வரி கட்டும் பெங்களூரு வார்டுக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

மகாராஷ்டிரம் வேறு வழியில் போனது. 2008ஆம் ஆண்டு ஆணைப்படி ஒரு வார்டிலோ கிராமத்திலோ 25 சதவீத வாக்காளர்கள், அல்லது பெண் வாக்காளர்களில் 25 சதவீதத்தினர் மனு கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் இரண்டு சின்னம்: நிமிர்ந்து நிற்கும் பாட்டில், படுத்துக் கிடக்கும் பாட்டில். படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் விழுந்தால் கடை மூட வேண்டும். எத்தனையோ ஊர்களில் பெண்கள் வரிசையில் நின்று பாட்டிலைப் படுக்க வைத்தார்கள். கேரளத்தில் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 232ஆவது பிரிவும் நகராட்சிச் சட்டத்தின் 447ஆவது பிரிவும் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் அனுமதியைக் கட்டாயமாக்கியிருந்தன; 2017இல் இடதுசாரி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டது. அதிகாரப் பரவலின் மாதிரி மாநிலமே மது என்றதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் விசித்திரம். 2003இலிருந்து சில்லறைக் கடைக்காரரே அரசு. டாஸ்மாக் வேண்டாம் என்று கிராம சபைகள் தீர்மானம் போட்டுக்கொண்டே இருக்கும்; கடை வைத்தவரும் தீர்மானத்தைப் பரிசீலிப்பவரும் ஒருவரே.

ஆனால் இவையெல்லாம் 'இருக்கலாமா, கூடாதா' என்ற கேள்விக்கான ஏற்பாடுகள். நான் கேட்பது அதுவல்ல. லிங்கராஜபுரத்தில் வாக்கெடுப்பு நடத்தி ஒரு பாரை மூடினால் உரிமம் கச்சரகனஹள்ளிக்குப் போகும். உரிமம் சொத்து என்று முன்பே சொன்னேன். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. அக்கம்பக்கத்தாருக்கு மறுப்பதிகாரம் கொடுத்தால் அது எப்போதும் சத்தத்துக்கும் வண்டிக்கும் எதிராக மட்டும் போகாது. 2009 ஜனவரியில் மங்களூரு பப் ஒன்றில் இளம்பெண்களை அடித்துத் துரத்தியவர்களும் 'எங்கள் ஊர், எங்கள் பண்பாடு' என்றுதான் சொன்னார்கள். இன்றைக்குப் பார் வேண்டாம் என்று கூடும் கூட்டம் நாளைக்கு மாட்டிறைச்சி உணவகம் வேண்டாம், இரவு ஷிஃப்டு முடித்து வாடகை வீட்டுக்கு வரும் பெண்கள் வேண்டாம் என்று கூடலாம். பல மதங்களும் பல பசிகளும் தோளோடு தோள் உரசி வாழும் பேட்டையில் இது கற்பனை அச்சமல்ல.

எனவேதான் நிபந்தனைகள் பக்கம் போகச் சொல்கிறேன். இதில் இங்கிலாந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சங்கடப்பட வேண்டாம். நம் கலால் முறையே அவர்கள் விட்டுச் சென்றதுதான். அவர்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மது உரிமத்தை நீதிபதிகளிடமிருந்து எடுத்து உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தார்கள். 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. உணவகத்துக்கு உரிமம் கேட்பவர் கடை வாசலில் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். 28 நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். எத்தனை மணி வரை, பாட்டு உண்டா, எங்கே ஆட்சேபம் எழுதுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். யாரும் எழுதவில்லை என்றால் உரிமம் கிடைத்துவிடும். எழுதினால், கவுன்சிலர்கள் மூன்று பேர் அடங்கிய குழு இரு தரப்பையும் கேட்கும். குழு நான்கு நோக்கங்களை மட்டுமே பார்க்கலாம்: குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், குழந்தைகளைக் காத்தல். 'எனக்குக் குடி பிடிக்காது' என்பது அங்கே வாதமாகாது. பெரும்பாலும் முடிவு மறுப்பாக இருக்காது. பத்து மணிக்கு மேல் பின்கதவு மூடியிருக்க வேண்டும், காலிப் பாட்டில்களை இரவில் கொட்டக் கூடாது, வாசலில் இத்தனை பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளாக இருக்கும். அவை அந்த உரிமத்திலேயே ஏறும். மீறினால் அண்டை வீட்டுக்காரர் எந்த நாளிலும் மறுபரிசீலனை கேட்கலாம். அந்த முறையிலும் ஓட்டைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே நிபந்தனைக்கு முகவரி இருக்கிறது. அந்தத் தெருவுக்கு, அந்தக் கதவுக்கு என்று எழுதப்பட்ட நிபந்தனை. நம்முடைய நிபந்தனைகள் பீதருக்கும் பெங்களூருக்கும் ஒரே அச்சு.

உணவகம் நடத்துபவர்கள் இதைக் கேட்டுப் பதறுவார்கள். ஏற்கெனவே உணவுப் பாதுகாப்புப் பதிவு, தொழில் உரிமம், தீயணைப்பு, மாசு வாரியம், போலீஸ், கலால். இப்போது வார்டுமா என்பார்கள். பதற்றத்தில் நியாயம் உண்டு. ஒவ்வொரு ஜன்னலும் ஒரு சுங்கச்சாவடி. மாமூல் என்பது இந்தத் தொழிலில் வாடகை, மின்சாரம் போல மாதச் செலவு. கவுன்சிலருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுத்தால் இன்னொரு பங்குதாரரைச் சேர்த்ததாக ஆகிவிடும். கவுன்சிலரே பினாமியாகப் பார் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் நான் கேட்பது புதிய கையெழுத்தை அல்ல. பொதுவில் ஒரு விசாரணை நாளும், வாசலில் ஒரு தாளும் வேண்டும். உரிமத்தின் வகை, மூடும் நேரம், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், அவசர வழி எங்கே, ஓ.சி. எண், எந்தெந்த நிபந்தனை, முந்தைய ஆண்டில் எத்தனை புகார், என்ன நடவடிக்கை என்று கன்னடத்திலும், அந்தப் பேட்டையில் பேசும் மொழிகளிலும் எழுதி ஒட்ட வேண்டும். மறைவில் நடக்கும் பேரத்துக்குத்தான் மாமூல். நாலு பேர் எதிரே படிக்கப்படும் நிபந்தனையை விலைபேசுவது கஷ்டம். ஒழுங்காக நடத்தும் உணவகக்காரருக்கும் அந்தத் தாள் கவசம். பக்கத்து மாடிக்காரர் இரவு 11 மணிக்கு வந்து மிரட்டினால் காட்டுவதற்கு அவர் கையில் ஒன்று இருக்கும்.

விசாரணைக்கான அமைப்பும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. கர்நாடகத்தில் வார்டு குழுக்கள் 2016ஆம் ஆண்டு விதிகளோடு வந்தன: பெண்கள், தாழ்த்தப்பட்டோர், குடியிருப்போர் சங்கத்தினர் எனப் பத்து உறுப்பினர்கள், மாதாமாதம் கூட்டம், எழுத்தில் நடவடிக்கைக் குறிப்பு. இதுவரை அவர்கள் பேசியது பெரும்பாலும் குப்பையும் சாலைக்குழியும். புதுப்பிப்புக்கு முந்தைய மே மாதக் கூட்டத்தில் அந்த வார்டின் மது உரிமங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளட்டும். கலால் ஆய்வாளரும், சுகாதார ஆய்வாளரும், காவல் நிலைய அதிகாரியும் ஒரே அறையில் உட்காரட்டும். அன்றைக்காவது இந்த அலுவலகங்கள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்கும். குழு எழுதும் நிபந்தனைகளை, எழுத்துமூலம் காரணம் சொல்லாமல் கலால் துறை புறக்கணிக்க முடியாது என்று ஒரு வரி போதும். குழுவுக்கு ரத்து அதிகாரம் வேண்டாம், மூடும் அதிகாரமும் வேண்டாம். 1967 விதிகளில் ஒரு திருத்தம், அரசிதழில் ஓர் அறிவிப்பு; அதற்குச் சட்டமன்றத்தைக்கூடக் கூட்ட வேண்டாம்.

கூட்டத்தை நடத்த ஓர் அதிகாரி போதும்தான். ஆனால் லிங்கராஜபுரத்தில் எழுதும் நிபந்தனையைக் கலால் துறை மடித்து வைத்தால் அங்கே போய்ச் சண்டை போட, அடுத்த தேர்தலில் வாக்கு கேட்டு வரப்போகும் ஒருவர் வேண்டும். 2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது, வார்டு எல்லைகள் மாறின, வழக்குகள் நடந்தன. 2025 மே மாதம் கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தானது. ஐந்துமே கவுன்சிலர் இல்லாமல்தான் பிறந்தன. இதற்கிடையில், 2021 முதல் 2025 வரை ஐந்து ஜூன் 30கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டப்பட்டு உரிமங்கள் புதுப்பிக்கப்பட்டன.